எந்த நாமத்தை எடுப்பது: ஆயிரமா, நூற்றெட்டா, தமிழ்ப் போற்றியா?

ஆடி வெள்ளி. தருமபுரி கோட்டை காமாட்சியம்மன் சன்னதியில் கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். அக்கா மகள் பையைத் திறந்து மூன்று புத்தகங்களை என் மடியில் வைத்தாள். விஷ்ணு சகஸ்ரநாமம், லலிதா சகஸ்ரநாமம், எல்லாச் சாமிக்கும் சேர்த்து அச்சடித்த ஒரு 108 போற்றித் திரட்டு.

"சின்னம்மா, ஒரு மண்டலம் விடாம சொல்றேன்னு வேண்டிக்கிட்டேன். இதுல எதை எடுக்கட்டும்?"

அவளுக்குக் குடித்தனம் கிருஷ்ணகிரியில், வேலை ஓசூரில். ஷிஃப்ட் வாராவாரம் மாறும். காலை ஷிஃப்ட் வாரத்தில் நாலு மணிக்கே எழுந்து சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவள். முன்பொரு தடவை லலிதா சகஸ்ரநாமம் ஆரம்பித்துப் பன்னிரண்டாம் நாளோடு விட்டுவிட்டாள். அதிலிருந்து அம்பாள் கோபித்துக்கொண்டிருப்பாளோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம். நாமம் சொல்லப் போன பிள்ளை பயத்தோடு திரும்பி வருகிறது என்றால், எடுத்துக் கொடுத்தவர்கள் சரியாக எடுத்துக் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அன்றைக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். இதே கேள்வியை எங்கள் தெருவிலும் ரெண்டு மூன்று பேர் கேட்டுவிட்டதால், விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர் என்பது கூப்பிடுவதற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிறேன். சொல்லும்போது யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிகிறதா, அல்லது எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறோமா? எந்த நூல் உங்களைக் கடிகாரம் பார்க்க வைக்கிறதோ, அது இப்போதைக்கு உங்களுக்கானது இல்லை. பத்து வருஷம் கழித்து அதுவே உங்களுடையதாகலாம்.

விஷ்ணு சகஸ்ரநாமத்திலிருந்து தொடங்குகிறேன். இது மகாபாரதத்தில் அனுசாசன பர்வத்தில் வருகிறது. அம்புப் படுக்கையில் கிடக்கிற பீஷ்மரிடம் தருமர் ஆறு கேள்வி கேட்கிறார். உலகத்துக்கு ஒரே தெய்வம் எது, யாரைத் துதித்தால் மனிதர்களுக்கு நன்மை என்று போகும் அந்தக் கேள்விகளுக்குப் பதிலாக வருவதுதான் ஆயிரம் நாமம். உடம்பெல்லாம் அம்பு தைத்துக் கிடக்கிற ஒரு கிழவர் கடைசிக் காலத்தில் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவது இது. அதை நினைத்துக்கொண்டு "விச்வம் விஷ்ணுர் வஷட்கார:" என்று ஆரம்பித்தால் குரல் தானாகவே தணிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதிலுள்ள பெரிய வசதி, நாமச் சுலோகங்கள் எல்லாமே ஒரே ஓட்டம் என்பது. அடிக்கு எட்டு எழுத்து, நாலு அடி. பத்து நாள் நாக்கு பழகிவிட்டால் பதினோராம் நாள் அதுவே இழுத்துக்கொண்டு போகும். என் வேகத்தில் முன்னுரை, சொல்வதன் பலனைக் கூறும் கடைசிப் பகுதியான பலசுருதி எல்லாம் சேர்த்து அரைமணி நேரம் ஆகிறது.

இன்னொரு வசதியை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் உணர்ந்தேன். இதிலுள்ள பெயர்களில் நிறைய நாம் பிறந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருப்பவை. கேசவன், மாதவன், கோவிந்தன், தாமோதரன், ஸ்ரீதரன், அச்சுதன், ஜனார்த்தனன். எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் நின்றாலே பாதிப்பேர் வந்துவிடுவார்கள். புரியாத நாமங்களுக்கு நடுவே "கோவிந்தோ" என்று ஒன்று வரும்போது, வெளியூர் பஸ் ஸ்டாண்டில் நம்ம ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். சில நாமம் திரும்பத் திரும்பவும் வருகிறது. விஷ்ணு என்பது மூன்று இடத்தில், வாசுதேவன் என்பது மூன்று இடத்தில். உரை எழுதிய ஆதிசங்கரரும் பராசர பட்டரும் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு பொருள் காண்கிறார்கள். எங்கள் கோட்டையிலேயே பெருமாளுக்குப் பரவாசுதேவர் என்றுதான் பெயர். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அவர் முகம் வந்துவிடும்.

சிரமம் எங்கே என்றால், எழுத்தில். நாலு விதமான 'ப' உச்சரிப்பையும் தமிழில் ஒரே 'ப' போட்டு எழுதுகிறோம். "பூதபவ்யபவத்ப்ரபு:" என்று படித்தால் எந்தப் ப எப்படி என்று எப்படித் தெரியும்? நல்ல பதிப்புகளில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய மலிவுப் பதிப்பில் எண்ணும் கிடையாது, பிழையும் ஏராளம். அதை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் "பத்மநாபோ மரப்ரபு:" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அமரப்ரபு, அதாவது தேவர்களுக்குத் தலைவன், என்பதுதான் சரி. ஒரு சனிக்கிழமை பெருமாள் சன்னதியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் கையை மெல்லத் தொட்டு, "அமரப்ரபுன்னு சொல்லும்மா" என்றார்.

இதே இடத்தை வைத்துக் குருவாயூரில் ஒரு கதை சொல்வார்கள். பூந்தானம் என்ற மலையாளப் பக்தர் "மரப்ரபு" என்று படித்தாராம். நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் பட்டதிரி, பெரிய சமஸ்கிருதப் பண்டிதர், அதைத் தவறு என்று சொன்னாராம். உள்ளேயிருந்து குருவாயூரப்பன், "நான் அமரர்க்கும் பிரபு, மரத்துக்கும் பிரபு" என்றானாம். தப்பாய்ச் சொல்லிவிட்டோமே என்று தவிக்கிறவர்களுக்கு இந்தக் கதை பெரிய ஆறுதல். ஆனால் சரியானது தெரிந்த பிறகும் திருத்திக்கொள்ளாமல் இருக்க இதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. நான் மறுநாளே வேறு புத்தகம் வாங்கினேன்.

லலிதா சகஸ்ரநாமம் வேறு உலகம். பிரம்மாண்ட புராணத்தில் ஹயக்ரீவர் அகத்தியருக்குச் சொன்னது. அம்பாளின் கட்டளைப்படி வசினி முதலான எட்டு வாக்தேவதைகள் பாடியது என்பது மரபு. 182 சுலோகமும் அரையும். "ஸ்ரீமாதா" என்று அம்மாவில் தொடங்கி "லலிதாம்பிகா" என்று அம்மாவிலேயே முடிகிறது. ஆயிரத்தில் ஒரு நாமம் கூடத் திரும்ப வராது. எண்ணிக்கை நிரப்புவதற்கென்று ஒரு அசைச்சொல்லும் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாஸ்கரராயர் இதற்கு எழுதிய உரைதான் இன்றைக்கும் பெரியவர்கள் கையில் எடுப்பது.

இவ்வளவு பெருமை இருந்தும், தனியாகத் தொடங்குகிறவர்களுக்கு இதை முதலில் நான் கொடுக்க மாட்டேன். ஒரே நாமம் ஒரு அரை சுலோகம் முழுக்க நீளும். "குருவிந்தமணிச்ரேணீ கனத்கோடீரமண்டிதா" என்பது ஒரே பெயர்! பத்மராக மணிகளை வரிசையாகப் பதித்த கிரீடம் அணிந்தவள் என்று பொருள். தூக்கக் கலக்கத்தில் நாலு மணிக்கு இதைத் தனியே சொல்லும் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் நாள் மூச்சு முட்டத்தான் செய்யும். இது ஸ்ரீவித்யா என்கிற அம்பாள் மந்திர வழிபாட்டோடு சேர்ந்தது, குருவிடம் உபதேசம் பெற்றுத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அம்மாவைக் கூப்பிட யார் அனுமதி வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. என் மனம் ரெண்டாவது பக்கம்தான். ஆனாலும் நாக்குக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்பதில் முதல் கட்சிக்காரர்கள் சொல்வது சரி.

அதனால் இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பெண்கள் உட்கார்ந்து, நன்றாகத் தெரிந்த ஒருவர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பிடித்துக்கொண்டே போகலாம். தடுமாறினால் பக்கத்துக் குரல் தாங்கிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் போவதே தெரியாது. இதையே நாமாவளியாகப் பிரித்து, "ஸ்ரீமாதா" என்பதை "ஓம் ஸ்ரீமாத்ரே நம:" என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை குங்குமம் போட்டு அர்ச்சிப்பதென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். தை வெள்ளி, ஆடி வெள்ளி, நவராத்திரி மாதிரி நாட்களுக்கு அது பொருந்தும். தினசரி வழக்கத்துக்குக் கனம்.

லலிதாவில் என்னைக் கட்டிப்போட்ட ஒரு பகுதியைச் சொல்லாமல் போக மனமில்லை. பாதி நாமம் நெருங்கும்போது, உடம்பிலுள்ள ஒவ்வொரு சக்கரத்திலும் அம்பாள் எந்த வடிவில் இருக்கிறாள் என்று வரும். யோக விஷயம், கடினம் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் பொருளோடு படித்தேன். அங்கே இருந்தது ஒரு சமையலறை. விசுத்தியில் இருப்பவள் பாயஸான்னப்ரியா, பாயசம் பிடித்தவள். அனாகதத்தில் நெய்ச்சோறு. மணிபூரகத்தில் குடான்னம், அதாவது நம்ம சர்க்கரைப் பொங்கல். சுவாதிஷ்டானத்தில் தத்யன்னம், தயிர்சாதம். மூலாதாரத்தில் பாசிப்பருப்புச் சோறு. ஆக்ஞையில் மஞ்சள் சோறு. கடைசியில் சகஸ்ராரத்தில் இருப்பவள் ஸர்வௌதனப்ரீதசித்தா, எந்தச் சோறு போட்டாலும் மகிழ்கிறவள். அன்றைக்கு மத்தியானம் டப்பாவில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது கை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

பொருள் தெரிந்து சொல்வதற்கும் தெரியாமல் சொல்வதற்கும் இவ்வளவுதான் தூரம். ஆயிரத்துக்கும் பொருள் தெரிய வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு பத்து நாமம் பென்சிலால் கோடிட்டுப் பொருள் எழுதி வைத்தால் போதும்.

அஷ்டோத்தரம், அதாவது 108 நாமாவளி, பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வரலட்சுமி நோன்பன்று ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெலுங்கு, கன்னட வீடுகளில் "ப்ரக்ருத்யை நம:, விக்ருத்யை நம:" என்று கேட்கும் லட்சுமி அஷ்டோத்தரம் மாதிரி, பூவோ அட்சதையோ கையில் இருக்கும்போதுதான் இது நிறைகிறது. கை சும்மா இருந்தால் "நம:, நம:" என்று எண்ணிக்கை ஓடிவிடுகிறது. பூஜை செய்கிற வீட்டுக்கு நல்லது, பஸ்ஸுக்கு ஆகாது. முந்நூறு நாமமுள்ள லலிதா திரிசதி பஞ்சதசி மந்திரத்தின் பதினைந்து எழுத்துக்கும் இருபது நாமம் என்று அமைந்தது. அதை உபதேசம் பெற்றவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

இனி தமிழ். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி வந்துவிடும். "தமிழ்ல சொன்னா பலன் கம்மியா சின்னம்மா?" என்று அவள் அன்றைக்குத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். யார் இதை இந்தப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறார்கள்? மாணிக்கவாசகர் திருத்தெள்ளேணத்தில் "ஒருநாமம் ஓருருவம் ஒன்றுமில்லார்க்கு ஆயிரம் திருநாமம் பாடி" என்கிறார். அப்பர் புள்ளிருக்குவேளூரில் "பேராயிரம் பரவி வானோர் ஏத்தும் பெம்மானை" என்கிறார். ஆண்டாள் சிற்றில் சிதைக்காதே என்று சண்டை போடும்போதே "நாமம் ஆயிரம் ஏத்த நின்ற நாராயணா" என்றுதான் கூப்பிடுகிறாள். ஆயிரம் நாமம் சொல்வது என்ற வழக்கம் நம் பாட்டுக்குள் இத்தனை காலமாக இருக்கிறது. கோயிலில் அன்னைத் தமிழில் அர்ச்சனை என்று 2021இல் அரசு திட்டமாக வந்து, போற்றி நூல்களும் வெளியிட்டார்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது கேட்டால் கிடைக்கும், கேளுங்கள்.

வீட்டில் சொல்ல, கடைத் திரட்டுகளை விட நான் முதலில் கை காட்டுவது திருவாசகத்திலுள்ள போற்றித் திருஅகவலை. 225 அடி. நிதானமாகச் சொன்னால் கால்மணி நேரம். தில்லையில் பாடியது. முன்பகுதியில் போற்றியே இருக்காது. ஒரு உயிர் தாய் வயிற்றில் ஒவ்வொரு மாதமும் எதிலெதிலிருந்து தப்பிப் பிறக்கிறது, பிறந்த பிறகு பசியிலிருந்தும் ஆசையிலிருந்தும் வறுமையிலிருந்தும் எப்படித் தப்பிக்கிறது என்று "பிழைத்தும், பிழைத்தும்" என்று போகும். அத்தனையும் தாண்டி வந்த பிறகுதான் போற்றி தொடங்கும். பிள்ளை பெற்ற பெண்கள் அந்த முன்பகுதியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பிறகு வரும் போற்றிகளில் ஊர்கள் வரிசையாக வரும். "ஆடக மதுரை அரசே போற்றி, கூடல் இலங்கு குருமணி போற்றி, தென்தில்லை மன்றினுள் ஆடி போற்றி." பராய்த்துறை வரும், சிராப்பள்ளி வரும், குற்றாலம் வரும், ஏகம்பம் வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாட்டைச் சுற்றி வந்துவிடலாம். "தென்னாடுடைய சிவனே போற்றி" என்ற அடி வரும்போது கோயிலில் எல்லோரும் சேர்ந்து முழங்குவது காதில் கேட்கும். எந்த எழுத்துக்கும் தலையில் எண் தேவையில்லை. நாக்கு இடறாததால் மனம் முழுவதும் பொருளில் நிற்கும். தமிழ்ப் போற்றியின் பெரிய பலன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அம்பாள் தான் வேண்டும், தமிழிலும் வேண்டும் என்றால் அபிராமி அந்தாதி இருக்கிறது. நூறு பாட்டையும் தினமும் சொல்ல முடியாதவர்கள் ஐம்பதாம் பாட்டை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். "நாயகி, நான்முகி, நாராயணி" என்று தொடங்கி சாம்பவி, சங்கரி, சாமளை, மாலினி, வாராகி, சூலினி, மாதங்கி என்று நாமமாகவே அடுக்கி "சரணம் அரண் நமக்கே" என்று முடியும். நாலே அடியில் ஒரு சின்ன நாமாவளி. பெருமாள் வீட்டுக்காரர்களுக்கு நம்மாழ்வார் திருவாய்மொழியில் "கேசவன் தமர்" என்று தொடங்கும் பன்னிரு நாமப் பாட்டு உண்டு. கேசவன் முதல் தாமோதரன் வரை நாமத்துக்கு ஒரு பாசுரமாகப் போகும். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளுக்கு அந்தப் பன்னிரண்டு பெயரை மட்டும் விரல் மடக்கிச் சொல்லக் கற்றுக் கொடுத்தால் போதும்.

ஒரே நாமம் போதும் என்கிறவர்களும் உண்டு, அதற்கும் சாஸ்திரத்திலேயே இடம் இருக்கிறது. விஷ்ணு சகஸ்ரநாமத்தின் பலசுருதியில் பார்வதி, இந்த ஆயிரத்தையும் சுலபமாகச் சொல்ல வழி என்ன என்று கேட்க, ஈசுவரன் "ஸ்ரீராம ராம ராமேதி" சுலோகத்தைச் சொல்லி, ராமநாமம் ஆயிரத்துக்கு ஈடு என்கிறார். ஆயிரம் சொல்ல விரும்புகிறவன் ஒரே சுலோகத்தால் துதித்தாலும் நான் துதிக்கப்பட்டவனே என்று கண்ணனும் அதிலேயே சொல்கிறான். சிவன் வாயால் ராமநாமம் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அரூர் தீர்த்தமலை ஞாபகம் வரும். அங்கே ராமர் வந்து சிவனைக் கும்பிட்டார், அவர் அபிஷேகத்துக்கு உண்டாக்கியதுதான் ராமர் தீர்த்தம் என்பது தலவரலாறு. மலையேறி, மேலேயிருந்து விழும் அந்தத் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது வாயில் ஆயிரம் நாமம் வராது, ஒன்றுதான் வரும்.

ஒலிப்பதிவு பற்றியும் கேட்கிறார்கள். எம்.எஸ். அம்மா குரலில் விஷ்ணு சகஸ்ரநாமம் கேட்காத கோயில் தெரு உண்டா? அதை வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் கூடவே சொல்லுங்கள். அப்புறம் அணைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுப்படியில் ஓட விட்டுவிட்டு வேலை பார்ப்பது காதுக்கு நல்லதுதான், ஆனால் சொன்ன கணக்கில் வராது. கூப்பிட வேண்டியது நம்ம வாய். கண்புரை வந்து எழுத்துத் தெரியாமல் போன என் அம்மாவுக்கு மட்டும் இந்த விதியை நான் வைக்கவில்லை. அவர் ஒலிப்பதிவோடு சேர்ந்து, தெரிந்த நாமம் வரும் இடங்களில் மட்டும் வாய் திறப்பார். அந்த "கோவிந்தா"வில் இருக்கும் உருக்கம் என் ஆயிரத்தில் இல்லை.

ஆக, யாருக்கு எது? காலையில் அரைமணி நேரம் உறுதியாகக் கிடைக்கும், சமஸ்கிருத ஒலியில் ஆசை உண்டு என்றால் விஷ்ணு சகஸ்ரநாமம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அந்த எழுத்துப் புத்தகமே வாங்குங்கள், உச்சரிப்புச் சிக்கல் பாதி தீரும். வெள்ளிக்கிழமை கூட்டம் பக்கத்தில் இருந்தால் லலிதா. பூவும் விளக்குமாக நாளும் பூஜை உண்டென்றால் இஷ்டதெய்வத்தின் அஷ்டோத்தரம். நேரம் நிச்சயமில்லாத வேலை, ஆனால் மனம் நின்று சொல்ல வேண்டும் என்றால் தமிழ்ப் போற்றி. இதுவரை எதையும் விடாமல் சொல்லிப் பழக்கமே இல்லை என்றாலும் தமிழ்ப் போற்றிதான். இரவு ஷிஃப்ட் முடிந்து கண் எரியும் நாட்களுக்கு ராமநாமம். நூலை மாற்றி மாற்றி எடுக்காமல், ஒரு மண்டலத்துக்கு ஒன்று என்று வையுங்கள்.

என் அக்கா மகளுக்குப் போற்றித் திருஅகவலைத்தான் கொடுத்தேன். "நின்னுபோன லலிதாவுக்கு என்ன பண்றது சின்னம்மா?" என்றாள். "அவ எந்தச் சோறு போட்டாலும் சாப்பிடறவ கண்ணு. லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமை இங்க வா, எங்களோட உக்காந்து சொல்லு. விட்ட இடத்துலேருந்து எடுத்துக்கலாம்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து போன் செய்தாள். காலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுப் பிடித்து, துப்பட்டாவைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு மெல்லிய குரலில் சொல்கிறாளாம். குருபரப்பள்ளி தாண்டும்போது "தென்னாடுடைய சிவனே" வந்துவிடுகிறதாம். "சின்னம்மா, நடுவுல ஓசூர் வரலியே" என்றாள் குறையாக. ஓசூரில் மலைமேல் இருக்கிறவர் சந்திரசூடேஸ்வரர், சந்திரனைத் தலையில் சூடினவர். நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது அண்ணாந்து பார்த்து நீயே ஒரு போற்றி சேர்த்துக்கொள் என்றேன். மறுநாளிலிருந்து சேர்த்துச் சொல்கிறாள்.